வசனம் வந்துச்சு, நீ வரலையே!

இன்னைக்கு கொஞ்சம் தயக்கத்தோடதான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

போன வருஷம் என் டீம் நண்பர் ஒருத்தரோட அப்பா ஐசியூல இருந்தார். நான் ஒரு பைபிள் வசனத்தை நல்ல டிசைன்ல வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு அவன் சொன்னான்: "மச்சான், வசனம் வந்துச்சு. நீ வரலையே." நம்பிக்கையையும் சந்தோஷத்தையும் நாலு பேரோட பகிர்ந்துக்கணும்னு கேட்டு வளர்ந்த கிறிஸ்தவன் நான். அன்னைக்கு தூக்கம் வரல.

எப்படிப் பகிர்றது? இந்தக் கேள்விக்கு எங்க சேலையூர் பக்கத்துலயே ஒரு வரலாறு இருக்கு. கிழக்கு தாம்பரத்துல இருக்கிற மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ், 1937-ல சிட்டிக்குள்ள இருந்து இங்க மாறி வந்தது. அடுத்த வருஷமே, 1938 டிசம்பர்ல, உலக மிஷனரி மாநாடு அந்த கேம்பஸ்லதான் நடந்தது. உலகம் பூரா இருந்து 400-க்கும் மேற்பட்டவங்க வந்தாங்க.

மாநாட்டுக்காகவே டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டது மற்ற மதங்களோட தொடர்ச்சி இல்லை, அது தனின்னு வாதிட்டார். அதே 1938-ல செஞ்சையா, சக்கரை போன்ற மெட்ராஸ் கிறிஸ்தவர்களும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டாங்க. 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்போம்'ங்கிறதுதான் அதோட சாரம். ரெண்டு பேருமே இந்துக் குடும்பத்துல பிறந்தவங்க. பழைய மரபை வெறும் இருட்டுன்னு அவங்களால ஒதுக்க முடியல. கிறிஸ்துவைச் சொல்லணும்ங்கிறதுல ரெண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. எதிர்ல இருக்கிறவரை எப்படிப் பார்த்துச் சொல்றோம்ங்கிறதுலதான் சண்டை.

எனக்கு உறைச்சது அங்கதான். என் நண்பனை நான் பார்க்கவே இல்லை. கான்டாக்ட் லிஸ்ட்ல ஒரு பெயராத்தான் பார்த்திருக்கேன்.

பேதுருவோட முதல் கடிதம், 3-ஆம் அதிகாரத்துல ஒரு அறிவுரை இருக்கு: உங்க நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவங்களுக்கு, சாந்தத்தோடயும் மரியாதையோடயும் பதில் சொல்லத் தயாரா இருங்க. கவனிச்சீங்களா? கேள்வி முதல்ல, பதில் அப்புறம். நம்ம பாஷையில சொன்னா, ரிக்வெஸ்ட்டே வராம நான் ரெஸ்பான்ஸ் அனுப்பிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்டேன். அவன் அப்பா பக்கத்துல உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தேன். வசனம் எதுவும் சொல்லல. இந்த டிசம்பர்ல அவனே கேட்டான்: "உங்க சர்ச்சுல கிறிஸ்துமஸுக்கு என்னடா பண்ணுவீங்க?"

சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். அவன் என்ன முடிவெடுப்பான்ங்கிறது அவன் விஷயம். பகிர்ந்த சந்தோஷம் எனக்குப் போதும்.

உங்களுக்கு இப்படி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.