அச்சந்தரும் கொடியோன்

மக்கள் தாமே தேடிச்சென்று அஞ்சுவது ஒரு விந்தையே. நோய்க்கும் வறுமைக்கும் அஞ்சி ஓடுகின்ற நாமே, பொருள் கொடுத்தும் கண்விழித்தும் கூத்திலும் திரைப்படத்திலும் அச்சத்தை நாடுகின்றோம். இக்காலத்தில் அது கைப்பேசிக்குள்ளும் வந்து குடிகொண்டது. எம்மூராகிய மீஞ்சூரினின்று சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயிலிலே, அத்திப்பட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே நெரிசலில் நின்றவாறே, ‘கிரானி’ என்னும் வீடியோ கேமை ஆடி வியர்த்து நிற்கும் சிறுவரைக் காணலாம். இத்தகைய ஆட்டங்களுட் சில நெஞ்சைவிட்டு நீங்காமையும், பல அன்றே மறக்கப்படுதலும் எதனால்? வில்லன் என வழங்கப்பெறும் கொடியோனாலே என்பது எம் துணிபு. பெரியோர் சிலர் இவையனைத்தையும் ஒருங்கே வீண் என்று தள்ளுவர். தள்ளுதற்குமுன் இவற்றுள்ளும் தரவேறுபாடு உண்டென்று அறிதல் நன்றன்றோ?

முதற்கண், திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. இருளினின்று கோரமுகமொன்று பேரொலியோடு பாயின் யாவரும் திடுக்கிடுவர். அருகே பட்டாசு வெடிப்பினும் திடுக்கிடுவர். மும்முறை பாய்ந்த முகம் நான்காம் முறை நகைப்பையே விளைக்கும். மலிவான ஆட்டங்கள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. அச்சமோ, வருவான் என்பதை அறிந்தும் எப்பொழுது வருவான் என்பதை அறியாத இடைவெளியிலே பிறப்பது.

இவ்விடைவெளியின் பெருமையை நம் தொண்டைநாட்டுத் தெருக்கூத்தர் நன்குணர்ந்தவர். துரியோதனன் வரவு எத்தகையது? இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்பர். திரைக்குப் பின்னின்று அவன் குரல் எழும், சலங்கை ஒலிக்கும், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தோன்றி மறையும். பாட்டு நீளும். கட்டியக்காரன் இடையிடையே நகையாடி நம்மை இளகச்செய்வான். திரை விலகுங்கால், கண்ணாடிச்சில் பதித்த புயக்கட்டைகள் மின்ன அவன் நின்றாலும், அவனுக்கு அஞ்சத் தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். ஜப்பானியக் கேப்காம் நிறுவனத்தார் 2019இல் புதுக்கி வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்னும் ஆட்டத்திலும் இம்முறையே காணப்படுகின்றது. ஆங்கு மிஸ்டர் எக்ஸ் எனப்படும் நெடியோன் ஒருவன், ஒரு காவல்நிலையக் கட்டடத்துள் ஆடுவோரைத் தொடர்வான். அவன் ஓடுவதில்லை, பேசுவதுமில்லை. மாடியிலோ அடுத்த அறையிலோ அவன் காலடியோசை மட்டும் கேட்கும். ஓசை அணுகுகின்றதா, அகல்கின்றதா என்று செவிசாய்ப்பதே ஆட்டமாகிவிடுகின்றது.

இனி, யாருக்கு அஞ்சுகின்றோம் என்பது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கென வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. முன்னைய மூன்றும் எளிதில் விளங்கும். நான்காவதே எம்மை நின்று எண்ணச்செய்தது. காக்கவேண்டியவன் கொல்ல வருவானாயின் ஓடிப்புக இடமேது? பேய்க்கு அஞ்சினோன் வீட்டிற்குள் ஓடிவருவான். வீட்டிற்குள்ளேயே கொடியோன் இருப்பின் எங்கே ஓடுவான்?

2017இல் வெளிவந்த ‘கிரானி’யின் ஆற்றல் இதுவே. அதன் வில்லி ஒரு பாட்டி. பூட்டிய வீடொன்றினின்று ஐந்து நாட்களுள் தப்பவேண்டும். கையிலுள்ள பொருள் தவறி வீழ்ந்தாலும் அவ்வோசை கேட்டு அவள் வந்துவிடுவாள். படத்தின் அழகிலோ கதையின் நயத்திலோ அவ்வாட்டம் சிறந்ததென்று யாம் கூறோம். ஆயினும் மடியிலிருத்திச் சோறூட்டவேண்டிய கை தடியோங்கி வருகின்றது. சிறுவர் நடுங்குவதில் வியப்பில்லை.

இரணியனும் இவ்வினத்தவனே. அவன் மன்னன், அதனினும் மேலாகத் தந்தை. நஞ்சும் யானையும் கடலும் பகைவன்மேல் ஏவப்படவில்லை. பெற்ற பிள்ளைமேல் ஏவப்பட்டன. கிறிஸ்துமஸ் நாடகங்களில் ஏரோதை உரக்கக் கத்தும் கோமாளியாக்கி விடுகின்ற நம் வழக்கத்தை ஈண்டு நினையாமலிருக்க இயலவில்லை. மத்தேயு காட்டும் ஏரோது கத்தவில்லை. தானும் வந்து பிள்ளையைப் பணியவேண்டுமென்று சாஸ்திரிகளிடம் இனிமையாகவே சொல்லியனுப்புகின்றான். அவ்வினிமைக்கு அஞ்சாதார் யார்?

இரணியனிடம் இன்னொன்றும் உண்டு. மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், அகத்திலும் புறத்திலும் சாவில்லை என்று அவன் வரம் பெற்றான். இவ்வரம் ஓர் ஆட்டத்தின் விதியேயாம். வெல்லற்கரிய கொடியோன் விதியின்றித் திரிவானாயின் நமக்குச் சலிப்பே உண்டாகும். எதைச் செய்யினும் சாவு உறுதியெனின் செய்வது எதற்கு? விதி இருப்பின் இடுக்கு உண்டா எனத் தேடுவோம். தேடுந்தொறும் நெஞ்சு துடிக்கும். 1980இல் வந்த ‘பேக்மேன்’ என்னும் பழைய ஆட்டத்திலேயே இது தொடங்கிற்று. அதன் நான்கு பேய்களும் ஒரே வகையாகத் துரத்துவதில்லை. ஒன்று நேரே பின்தொடரும், மற்றொன்று நாம் செல்லவிருக்கும் இடத்தைக் குறித்து முந்தும். 2014இல் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ‘ஏலியன்: ஐசொலேஷன்’ இதனை இன்னும் நுட்பமாக்கிற்று. ஆங்கு வரும் வேற்றுலக விலங்கை ஆடுவோர் கொல்லுதல் இயலாது. தீயைக் காட்டிச் சிறிதுபோது விலக்கலாம், அவ்வளவே. அவ்வாட்டத்தின் கணினி நிரல் இரண்டு அறிவுடையது. ஓர் அறிவு ஆடுவோர் இருக்குமிடத்தை எந்நேரமும் அறியும்; ஆனால் விலங்கினுக்கு, இப்பக்கம் செல் என்று குறிப்பளவே தரும். மற்றோர் அறிவாகிய விலங்கு தன் கண்ணாலும் செவியாலுமே தேடவேண்டும். ஆதலின் அலமாரிக்குள் ஒளிந்து மூச்சடக்குவதற்குப் பொருளுண்டாகின்றது. முற்றறிவுடைய பகைவன்முன் ஒளிதல் பயனற்றது. அறிவற்ற பகைவன்முன் ஒளிதல் வேண்டாதது.

இவையெல்லாம் புறத்தே நின்று வரும் அச்சங்கள். 2001இல் ஜப்பானியர் ஆக்கி, 2024இல் போலந்து நாட்டார் புதுக்கிய ‘சைலண்ட் ஹில் 2’ அகத்தே புகுகின்றது. ஜேம்ஸ் என்பான், மூன்றாண்டுக்குமுன் இறந்த மனைவியிடமிருந்து மடல் பெற்று ஒரு மூடுபனி நகருக்குச் செல்கின்றான். ஆங்கே, தலையை இரும்புப் பிரமிடு மறைக்க, பெருங்கத்தியை நிலத்தில் இழுத்துக்கொண்டு ஓர் உருவம் அவனைத் தொடர்கின்றது. அதற்கு முகமில்லை, உரையில்லை. மனைவியைக் கொன்றவன் தானே என்பதை ஜேம்ஸ் மறந்திருக்கின்றான். தன்னை ஒறுப்பார் ஒருவர் வேண்டுமென்று அவன் நெஞ்சே படைத்துக்கொண்ட உரு அது. உண்மையை அவன் ஒப்பியபின் அவ்வுரு தன்னைத்தானே குத்திக்கொண்டு மாய்கின்றது.  பாவவுணர்ச்சி என்று ஆலயத்தில் பலகால் கேட்ட சொல்லுக்கு இவ்வளவு தெளிவான உருவை வேறெங்கும் யாம் கண்டதில்லை.

அகத்தே புகும் இவ்வச்சம் கூத்தருக்கும் புதிதன்று. திரௌபதி துகிலுரியும் கட்டத்தில், துச்சாதன வேடம் பூண்டவர் சேலையைத் தொடுமுன் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதுண்டு. அந்நேரம் களரியில் குழந்தைகளும் பேசார். வேடந்தானே என்று அவரும் எண்ணுவதில்லை, ஊராரும் எண்ணுவதில்லை. விழாவின் இறுதியில் துரியோதனனை நிலத்தின்மேல் மண்ணால் பேருருவாய்ப் படுக்கவைத்திருப்பர். பதினெட்டாம் போர் அவ்வுருவைச் சுற்றியே நடக்கும். வீமன் தொடையைப் பிளந்தபின், அதுவரை அவனை வெறுத்துநின்ற கூட்டம் காந்தாரியின் ஒப்பாரியைக் கேட்டுக் கண்கலங்கும். கலைந்து செல்லுங்கால், சில ஊர்களில், அக்கொடியோன் உடலின் மண்ணைப் பிடிபிடியாய் அள்ளி வீட்டிற்கு எடுத்துச் செல்வர்.