அரைப் பேரும் முழுப் பசியும்

ஆறு மாதம் நிறையும் வரையில் சிசுவுக்குத் தாய்ப்பாலன்றி ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டியதில்லை என்று வைத்திய சாஸ்திரம் ஒருமுகமாகச் சொல்ல, ஆறு மாதமென்பது இருபத்தாறு வாரமென்று நாட்காட்டியும் சொல்ல, பதுளையைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலைக் கொழுந்தெடுக்கும் தாய்க்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்றைக்கு அளிக்கும் விடுமுறையோ 12 வாரமே. அதிலும் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முந்தியதென்று கணக்காகிவிடும். எஞ்சிய பத்து வாரம் கழிந்தபின் மிச்சமுள்ள பதினாறு வாரத்தை அந்தக் குழந்தை எப்படிக் கடக்கிறதென்று கேட்பார் அதிகம் இல்லை.

சட்டம் இரக்கமற்றதென்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையை உடைய தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டுமென்றும், குழந்தையை விட்டுவைக்கப் பிள்ளை மடுவம் அமைந்திருந்தால் அது அரைமணிக்கும், அமையாவிடில் ஒரு மணிக்கும் குறையலாகாதென்றும் அச்சட்டமே விதித்திருக்கிறது. ஆனால், எழுதியவர்கள் சமதரையில் அமர்ந்து எழுதினார்கள் போலும்! பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் அரைமணி என்பது கடிகாரத்தின் அளவன்று, கால்களின் அளவு. அன்றைய கொழுந்து எந்த மலையில் என்பதை விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தீர்மானிக்கிறார்கள். அது பிள்ளை மடுவத்துக்கு மேலே நெடுந்தூரத்தில் அமைந்துவிட்டால், மழையில் வழுக்கும் படிகளில் இறங்கி, அட்டை கடித்த காலைக் கழுவி, மருந்தடித்த செடிகளுக்குள் கிடந்த கையைத் துடைத்து, அழுது களைத்த குழந்தையை வாங்கி மடியில் கிடத்துவதற்குள்ளாகவே இடைவேளையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். திரும்பி ஏறவேண்டிய ஏற்றமோ அப்படியே நிற்கும். இதற்கிடையில் மற்றவர்கள் பறித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுவையில் குறித்த கிலோ சேரவில்லையென்றால் அன்றைக்கு அவளுக்கு விழுவது அரைப் பேர், அதாவது பாதி நாட் சம்பளம். முழுப் பேர் வேண்டுமானால் இடைவேளையில் ஒன்றை விட்டுவிடவேண்டும். பல தாய்மார் செய்வது அதுதான்.

இதன் விளைவு தேகத்துக்குள் நிகழ்கிறது. முலைப்பால் குடத்தில் நிரப்பிவைத்த நீரைப் போன்றதன்று. சிசு உறிஞ்ச உறிஞ்ச, அந்த ஸ்பரிசம் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அதிலிருந்து பிறக்கும் ஹார்மோன்களாலே சுரப்பது. மார்பு கட்டிக் கனத்து, ரவிக்கை நனைந்து, மணிக்கணக்காகப் பால் தேங்கிக் கிடந்தால், இனி இவ்வளவு தேவையில்லை என்று உடல் கருதிக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். பிறகு தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில், ‘அவளுக்குப் பால் வத்திப் போச்சு’ என்று ஒரே வார்த்தையில் பேசி முடித்துவிடுவார்கள். வற்றியது பால்தானா, பொழுதா என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

மலையகத் தாய்மாரின் அறியாமையே எல்லாவற்றுக்கும் காரணமென்று மேடையேறிச் சொல்லும் வழக்கம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினார்கள். பல செல்வ தேசங்கள் பொறாமைப்படத்தக்க கணக்கு இது. ஆயினும் அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் தேசம் முழுவதிலும் 17 சதவீதம், தோட்டப்புறத்திலோ 32 சதவீதம் என்று சொல்கிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கில் தோட்டப்புறத்து அளவு 40 சதவீதமாக இருந்ததென்பதால், குறைந்திருக்கிறதென்று ஆறுதல் கொள்ளலாம். மூன்றில் ஒன்று என்பது ஆறுதலுக்குரிய கணக்கானால்.

இந்தக் குள்ளத்தனம் ‘எங்கள் சாதியின் உடல்வாகு’ என்று தோட்டத்து மக்களே சில சமயம் சொல்லிக்கொள்வதுண்டு. அது பிழை. இரத்தம் குறைந்த, தானும் சிறுவயதில் வளர்ச்சி குன்றிய தாயின் கருவில் சிசு நிறை குறைந்து பிறக்கிறது. ஏழாம் மாதத்தில் திட ஆகாரம் தொடங்கவேண்டிய தருணத்தில் கிளினிக் அட்டையில் அதன் நிறைக்கோடு சரியத் தொடங்குகிறது. இரண்டு வயதுக்குள் இழந்த உயரத்தைப் பின்னர் ஊட்டும் சோறு பெரும்பாலும் மீட்டுத் தருவதில்லை. அந்தச் சிசு பெண்ணாயின், வளர்ந்து தாயாகும்போது அதே கதை மறுபடி தொடங்குகிறது.

அந்த ஏழாம் மாதத்தில் ஊட்டுவதென்ன? கோதுமை ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது லயத்தில் காணும் காட்சி. குழந்தையின் வயிறு ஒரு தேநீர்க் கோப்பைக்கு மேல் கொள்ளாது. தண்ணீராய்ப் போகும் உணவால் வயிறு நிறையும், தேகம் நிறையாது. போதாதற்குத் தேயிலையின் துவர்ப்புச் சத்து ஆகாரத்திலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. உலகத்துக்கெல்லாம் உற்சாகமளிக்கும் அந்தச் செடி, அதைப் பறிப்பவளின் பிள்ளைக்கு இரத்தசோகையைக் கொடுக்கிறது. விசித்திரம் இதோடு முடிவதில்லை. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் காய்கறி லாரி லாரியாகக் கொழும்புக்கு இறங்குகிறது. ஊவாவின் சேனைப் புலங்களில் விளையும் குரக்கனோ சுண்ணாம்புச் சத்தில் தானியங்களுக்கெல்லாம் தலையாயது. எனினும் அந்தி சாய்ந்து நிறுவை முடிந்து, விறகும் தண்ணீரும் சுமந்து திரும்புகிறவளுக்குக் குரக்கன் கழுவி உலர்த்தித் திரித்துக் கூழ் காய்ச்ச அவகாசமேது? கோதுமை மாவு நிமிடத்தில் ரொட்டியாகிவிடுகிறது.

அவகாசமில்லாத இடத்தில் எப்போதும் ஒரு டப்பா வந்து நிற்கும். 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், சிசுக்களுக்கு இனிப்பூட்டிய டின் பாலை விற்பதைக் கொலைக்குச் சமானமென்று மேடையிலேயே சொன்னார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், தாய்ப்பாலுக்கு மாற்றான பண்டங்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை உலக சுகாதார சபை ஏற்றது. இலங்கையும் 1983இல் தனக்கென ஒன்றை இயற்றிக்கொண்டது. விளம்பரத்தைத் தடுக்கலாம், கரைத்து நீட்டுவதைத் தடுக்க முடியுமா? 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாவுக்கு ஏறியது. அத்தகைய விலையில் ஒரு கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நிர்ணயிப்பது வைத்தியரல்லர், மாதக் கடைசி.

அரசாங்கத்தின் கையில் இருந்த நல்ல விடை திரிபோஷ. சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்து, 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்பட்டு வரும் மாவு அது. 2022இல், சோளத்தில் அஃப்ளாடொக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு மிகுந்ததால் சிறு குழந்தைகளுக்குரிய மாவின் உற்பத்தி நின்றுபோனபோது, அதன் அருமை பலருக்குத் தெரிந்தது.

கிடைத்த நாட்களிலும் அது ஒருவர் உணவாக நிலைப்பது அபூர்வம். தாயின் பெயரில் எழுதப்பட்ட பொதி லயத்துக்கு வந்ததும் தேங்காய்ப் பூவும் சீனியும் சேர்ந்து உருண்டைகளாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவனுக்கு ஒன்று, நடை பழகும் நடுவுள்ளவளுக்கு ஒன்று, இருமிக்கொண்டு திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு ஒன்று. பாலூட்டுகிறவள் சட்டியின் அடியில் ஒட்டியதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, மறுநாள் பிரட்டுக்கு இடுப்பில் கட்டவேண்டிய படங்குச் சாக்கைத் தேடப் போய்விடுகிறாள்.