ரிசோட்டோவும் புதுப் பச்சரிசியும்

சோறு உதிரியாக இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் மாறாத சட்டம். குழைந்துவிட்டால் சமைத்தவர் தலைகுனிய வேண்டியதுதான். அதற்காகவே அரிசியை மூன்று முறை களைகிறோம், கஞ்சியை வடிக்கிறோம், பழைய அரிசியாகத் தேடி வாங்குகிறோம். அரிசியின் பசை சோற்றில் தங்கிவிடக் கூடாது என்பதே இவ்வளவு பாட்டுக்கும் காரணம். ஆனால், அந்தப் பசையையே செல்வமாகக் கருதி, அதில் ஒரு துளியும் வீணாகாமல் சமைக்கும் மக்களும் உலகில் உண்டு. அவர்கள் வட இத்தாலியர். அவர்தம் உணவு ரிசோட்டோ. அதனைக் கடலுணவுடன் நம் வீட்டு அடுப்பில் ஆக்குவது எங்ஙனம் என்பதைச் சொல்லுமுன், நாங்கள் அதில் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சரஸ்வதிபுரத்தில் நாங்கள் நால்வர் ஒரு வீட்டில் குடியிருந்தோம். எங்களுள் ஒருவர் ஆராய்ச்சிப் படிப்பிற்காக மிலான் நகருக்குப் புறப்படவிருந்தார். தை மாதம், பொங்கல் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர் செல்லும் நாட்டின் உணவையே சமைத்து விருந்திடுவோம் என்று மற்ற மூவரும் முடிவு செய்தோம். மைசூருக்குக் கடல் இல்லை. மங்களூர்ப் பக்கமிருந்து பனிக்கட்டியில் வந்த இறாலுக்கும் கணவாய்க்கும் எங்கள் கைப்பணம் முழுவதும் சென்றது. ஆனால் அரிசியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. "சோறு தின்று வளர்ந்த நமக்கு இத்தாலியனா சோறாக்கக் கற்றுத்தர வேண்டும்?" என்று வீறாப்புப் பேசியவன் நானேதான்.

வீட்டிலிருந்த பழைய புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து, இறாலையும் கணவாயையும் அதனோடு சேர்த்து வேகவிட்டோம். அரை மணி கழித்து மூடியைத் திறந்தால், சோறு ஒரு பக்கம், நீர்த்த சாறு ஒரு பக்கம், ரப்பராகிவிட்ட கணவாய் ஒரு பக்கம்! நண்பர் நல்லவர், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. தவறியது எங்கே?

விடை தேடி நான் மிலானுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நம் மைசூரிலேயே, செலுவாம்பா மாளிகையில், 1950ஆம் ஆண்டு முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும், எச். எஸ். ஆர். தேசிகாச்சாரும், புதிய அரிசியும் பழைய அரிசியும் வேகும்போது ஏன் வேறுபடுகின்றன என்பதை 1950களிலேயே ஆராய்ந்து எழுதினார்கள். பின்னர் கே. ஆர். பட்டாச்சார்யா அதே நிலையத்தில் அரிசியின் தன்மைகளை ஆராய்வதில் பல்லாண்டுகள் செலவிட்டார். நம் பாட்டிமார் கைப்பழக்கமாக அறிந்திருந்த ஒன்றுக்கு இவர்கள் காரணம் தேடினார்கள் எனலாம்.

அக்காரணத்தைச் சுருக்கமாகக் காண்போம். அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது அமைலோஸ், அமைலோபெக்டின் என இருவகைப்படும். அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். அது குறைந்த அரிசி மென்மையாக வெந்து ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டு அரிசிகளுள் பல, 25 விழுக்காட்டிற்கு மேல் அமைலோஸ் கொண்டவை. ரிசோட்டோவிற்கென இத்தாலியர் பயிரிடும் ஆர்போரியோ என்னும் குட்டையான பருத்த அரிசியிலோ அது குறைவு.

இனி, வயதைக் கவனிப்போம். அறுவடையான புதிதில் அரிசி வேகும்போது பசையைத் தாராளமாக வெளியே விடுகிறது. சில மாதங்கள் பழகிய பின், அது நீரை மிகுதியாக உறிஞ்சிப் பெருக்கிறதே தவிர, பசையை எளிதில் விடுவதில்லை. புழுங்கலரிசியின் நிலை இன்னும் வேறு. நெல்லாக இருக்கும்போதே ஊறி அவிந்துவிடுவதால், அதன் மாவுச்சத்து உமிக்குள்ளேயே ஒருமுறை வெந்து, உலரும்போது இறுகிவிடுகிறது. ஆகவே, பழையதும் புழுங்கலுமான அரிசியைக் களைந்து இட்ட நாங்கள், பசை வரும் வழிகள் அத்தனையையும் அடைத்துவிட்டுப் பசைக்காகக் காத்திருந்தோம்!

அப்போதுதான் அடுக்களை மூலையில் இருந்த பை நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கென வாங்கிய புதுப் பச்சரிசியில் மிச்சம். பொங்கலுக்குப் புத்தரிசிதான் வேண்டும் என்கிறோமே, அதில் வழக்கத்தோடு இந்தப் பயனும் அடங்கியிருக்கிறது. குழைவை நாமும் அறிவோம். வெண்பொங்கலிலும், இந்நகரின் பிசிபேளே பாத்திலும் அதனைச் சுவைக்கிறோம். குழம்பு ஊற்றும் சோற்றில் மட்டுமே வெறுக்கிறோம்.

நண்பர் புறப்படுவதற்கு முந்திய இரவு மீண்டும் அடுப்பை மூட்டினோம். இம்முறை கால் கிலோ இறால் மட்டுமே வாங்க முடிந்தது. நால்வருக்குரிய முறை இது:

முதலில் சாறு. இறாலை உரித்துக் குடலை நீக்கித் தனியே வையுங்கள். தலைகளையும் ஓடுகளையும் எறிந்துவிடாதீர்கள். கடலின் மணம் அவற்றில்தான் இருக்கிறது. அவற்றைக் கழுவிச் சிறிது எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி, ஒரு வெங்காயமும் சில மிளகும் இட்டு, 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். உப்பிட்டு, பக்கத்து அடுப்பில் சூடாகவே வைத்திருங்கள். சாறு ஆறினால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பாத்திரம் குளிர்ந்து, வேகும் நேரம் தடுமாறும்.

அடுத்து அரிசி. 300 கிராம் புதுப் பச்சரிசியில் கல், தூசி பார்த்துப் புடைத்துக்கொள்ளுங்கள், களைய வேண்டா. அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெயும் எண்ணெயும் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். அரிசியைச் சேர்த்து, தொட்டால் சுடும் அளவிற்கு இரண்டு நிமிடம் வறுங்கள். இவ்வறுப்பு மணிகள் சட்டென்று கரைந்துவிடாமல் காக்கும். இத்தாலியர் இக்கட்டத்தில் வெள்ளைத் திராட்சை மது சிறிது ஊற்றுவர். நாங்கள் அதனை விடுத்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டோம்.

இனி, சூடான சாற்றை ஒவ்வோர் அகப்பையாக ஊற்றிக் கிளறுங்கள். ஊற்றியது ஏறக்குறைய சுண்டிய பின்பே அடுத்த அகப்பை. மணியோடு மணி உராய்ந்து மேற்புறத்துப் பசை சாற்றில் இறங்க வேண்டும், அதற்காகவே கிளறல். ஆர்போரியோவிற்கு ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். நம் பச்சரிசி விரைவில் வெந்துவிடக்கூடும். ஆகவே 10ஆம் நிமிடம் முதல் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளியே மென்மையும் நடுவில் சிறிது உறுதியும் இருக்கும் பதம் நெருங்கும்போது இறாலைச் சேருங்கள். அது சிவந்து சுருள மூன்று நிமிடம் போதும். கணவாய் வளையங்களாயின் இரண்டே நிமிடம். அதற்கு மேல் வேகவிட்டால் எங்கள் முதல் விருந்தின் கதிதான்!

உடனே இறக்கி, ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டு வேகமாகக் கிளறி, எலுமிச்சைச் சாறும் மிளகுப் பொடியும் சேருங்கள். பாலாடைக்கட்டி வாங்க முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டா. கடலுணவு ரிசோட்டோவில் அதனைச் சேர்ப்பது இத்தாலியரிடையே பொதுவாக வழக்கமில்லை. தட்டில் ஊற்றிச் சாய்த்தால் அது அலைபோல மெல்ல நகர வேண்டும், அதுவே பதம். ஆறினால் இறுகிவிடும், ஆகையால் உண்பவர்தாம் காத்திருக்க வேண்டும், உணவு காத்திராது.

அன்று தட்டுகளில் அலை நகர்ந்தது. ஆர்போரியோவின் உறுதி நம் பச்சரிசிக்கு முழுமையாக வாய்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணிகள் சற்று அதிகமாகவே மென்மையடைந்தன. ஆயினும், முதல் நாள் வாங்கியதில் பாதி இறால்கூட இல்லாத அந்தப் பாத்திரத்தில் மிச்சம் ஒரு பருக்கையும் இல்லை. நண்பர் தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம பொங்கலுக்குத் தம்பி முறைடா!" என்றார். இன்று அவர் மிலானில் வெண்பொங்கலுக்கு ஆர்போரியோ அரிசியையே வாங்குவதாக எழுதுகிறார்.

அன்பர்களே, அரிசி நமக்குப் பழகிய பொருள்தான். ஆனால் பழகியதை அறிந்துவிட்டதாக நினைத்த நான், நண்பரின் விருந்தைப் பாழாக்கினேன். அடுத்த முறை அரிசி வாங்கும்போது கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். அது பச்சையா புழுங்கலா, அறுவடையாகி எத்தனை மாதம் ஆயிற்று என்றும் கேளுங்கள்.