இரவில் மூச்சு வாங்கும் இலைகள்

சக்குலண்ட் செடிகளுக்கு வீட்டில் டெரரியம் செய்ய உட்கார்ந்தால், முதலில் தூக்கி ஓரமாக வைக்க வேண்டியது ஜாடியின் மூடியை. கடைகளில் மூடிய குடுவைக்குள் வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே தங்கும் ஈரத்தில் அடித்தண்டு அழுகிவிடும். மூடிய கண்ணாடி பெரணிக்கும் பாசிக்கும் உரியது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். அந்த மண்ணில் ஒரு பெரணியும் புல்லும் தாமாக முளைத்தன. அதைப் பார்த்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் சீனத்துத் தேயிலைச் செடிகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன. நம் செடியோ வறண்ட நிலத்துப் பிறவி. வாய் அகன்ற கண்ணாடிக் கிண்ணமே அதற்குச் சரி.

அடியில் கூழாங்கல், அதன்மேல் நொறுக்கிய அடுப்புக்கரி, பிறகு ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பெருமணல் கலந்த மண். அள்ளிப் போடும் வேலையைப் பேத்தியிடம் விட்டுவிட்டேன். பாதி தரையில் கொட்டினாலும் மீதி போதும். வெட்டிய தண்டை உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காயும்வரை நிழலில் கிடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம்.

காத்திருக்கும்போதுதான் கண்ணும் திறக்கிறது. எச்செவேரியா என்ற சக்குலண்டின் இலைமேல் இருந்த வெண்பூச்சை அவள் விரலால் தடவினாள். தடவிய இடத்தில் பச்சை தெரிந்தது, ரேகைகூடப் பதிந்திருந்தது. அந்தப் பொடி ஒரு மெழுகு. கடும் வெயிலைத் திருப்பி அனுப்பும், நீரை ஒட்டவிடாது. ஒருமுறை அழிந்தால் அந்த இலையில் மீண்டும் ஊறாது. பக்கத்தில் இருந்த ஹாவோர்த்தியா கூப்பரி இன்னும் பெரிய புதிர். தென்னாப்பிரிக்காவில் அதன் உடல் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். இலைநுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் பச்சையம் மிகக் குறைவு, ஒளி ஊடுருவும். உள்ளே இறங்கும் வெளிச்சத்தை மண்ணுக்கடியில் இருக்கும் பச்சைத் திசு வாங்கிக்கொள்கிறது. வெயிலுக்கு ஒளிந்துகொண்டே வெளிச்சத்தை உண்ணும்படி அதைப் படைத்தவனின் கணக்கை என்னவென்பது!

"மூடி இல்லேன்னா தண்ணி காஞ்சு போகாதா தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி. செடி உணவு சமைக்கக் கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளைகள் திறக்க வேண்டும். பகலில் திறந்தால் உள்ளிருக்கும் நீரெல்லாம் ஆவியாகிப் போய்விடும். ஆகவே இந்தச் செடிகள் குளிர்ந்த இரவில் துளைகளைத் திறக்கின்றன. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கி, செல்களின் நுண்குமிழ்களில் நிரப்பி வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை அடைத்துவிட்டு, இருப்பை எடுத்து வெயிலில் சமையல் செய்கின்றன. ராத்திரி மட்டும் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் குடங்களை நிரப்பி வைத்துக்கொள்வோமே, அதே ஏற்பாடுதான். கற்றாழையும் நாகதாளியும் அன்னாசியும் இப்படித்தான் வாழ்கின்றன.

இந்த ரகசியத்தின் நுனி பிடிபட்டதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு மதப்பணியாளராக வந்து, பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன், இந்தியாவில் வளர்ந்த ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தவர். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் ருசியே இல்லை. மாலையில் லேசான கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-இல் அது அச்சானது. கருவி எதுவும் இல்லை, நாக்கு ஒன்றுதான். இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவர் ருசித்திருக்கிறார் என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது.

பிள்ளைகளை மெல்ல விடாதீர்கள். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. விடிகாலையில் ஓர் இலை, சாயங்காலம் ஓர் இலை பறித்து, சாற்றை பிஹெச் தாளில் தொட்டுக் காட்டினால் போதும். இரண்டு தாள்களின் நிறமும் வேறுவேறாக இருக்கும். பார்த்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மீந்த ரணகள்ளி இலைகளில் ஒன்றைக் கிண்ணத்து மண் மேல் சும்மா போட்டு வைக்கலாம். விளிம்பின் பள்ளங்களில் முதலில் நூலாக வேர் இறங்கும், பிறகு கடுகளவில் இரண்டிரண்டு இலைகள் விரியும். தாய் இலை தன்னிடமுள்ள நீரையெல்லாம் அவற்றுக்குக் கொடுத்துச் சுருங்கும். குட்டிகள் விரல் உயரம் வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இடுப்புயரம் வளரக்கூடிய செடிக்குக் கிண்ணம் தாங்காது. எச்செவேரியாவும் ஹாவோர்த்தியாவும் அங்கேயே இருக்கட்டும். கிண்ணத்தில் ஓட்டை கிடையாது என்பதால், மண் அடிவரை காய்ந்த பிறகு ஓரமாக இரண்டு கரண்டி தண்ணீர் விட்டால் போதும்.