சமூக தளங்களுக்கு நீங்கள் அடிமையா? ஆறு கேள்விகளில் ஓர் அளவுகோல்

"எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கியே, இது என்ன வியாதிடா?" என்று சென்ற மாதம் அம்மா கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. வியாதி என்றால் அதை அளக்க ஏதாவது இருக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு புத்தி இப்படித்தான் போகும். தேடியதில் கிடைத்தது பெர்கன் அளவுகோல்.

நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் செசிலி ஆண்ட்ரியாசென் என்பவரின் குழுவினர் 2012ல் ஃபேஸ்புக்கிற்காக இதனை உருவாக்கினர். 18 கேள்விகளில் தொடங்கி, இறுதியில் ஆறாகக் குறைத்தனர். 2016ல் ஃபேஸ்புக் என்ற இடத்தில் சமூக தளங்கள் என மாற்றிய பதிப்பு வந்தது. கடந்த ஓர் ஆண்டை மனதில் வைத்துப் பதில் தர வேண்டும். கேள்விகளின் சாரம் இதுதான்: எந்நேரமும் அதைப் பற்றியே நினைக்கிறீர்களா? வரவர இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறதா? கவலையை மறக்க அதைத் திறக்கிறீர்களா? குறைக்க முயன்று தோற்றீர்களா? பயன்படுத்த முடியாதபோது தவிப்பு வருகிறதா? படிப்பு, வேலை கெடுகிறதா? ஒவ்வொன்றிற்கும் "மிக அரிதாக" என்றால் 1, "மிக அடிக்கடி" என்றால் 5. எனவே மொத்தம் 6 முதல் 30 வரை வரும்.

எத்தனை மதிப்பெண் வந்தால் ஆபத்து? இங்குதான் குழப்பம். 2017ல் வெளியான ஹங்கேரி ஆய்வு, 5,961 வளரிளம் பருவத்தினரைச் சோதித்து 19 என்றது, 4.5 சதவீதத்தினர் ஆபத்து நிலையில் இருந்தனர். சீனாவில் 2021ல் வந்த ஆய்வோ 24 என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம்ஸ் விளையாடும் கோளாறு இடம் பெற்றுள்ளது. சமூக தளங்களுக்கு அப்படித் தனிப் பெயர் இல்லை. எனவே 20 வாங்கிய பையனை "நோயாளி" என்று அழைத்துவிடாதீர்கள்.

இந்தக் கேள்விகளில் மணிக்கணக்கு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதற்கு உங்கள் போனே போதும். ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று டிஜிட்டல் வெல்பீயிங் பிரிவைத் திறந்திடுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம். பார்க்கும் முன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். நான் எழுதியது ஒன்றரை மணி. போன் காட்டியது 3 மணி 40 நிமிடம். நம் ஊகமும் போனின் கணக்கும் ஒத்துப் போவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

சரி, மன நலம்? ஆர்பென், ஷிபில்ஸ்கி என்ற இருவர் 2019ல் 3,55,358 இளம் பருவத்தினரின் தகவல்களை ஆராய்ந்தனர். மன நலத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில், டிஜிட்டல் சாதனப் பயன்பாடு விளக்கக் கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். எது காரணம், எது விளைவு என்பதும் இதில் தெரியாது. மனம் சோர்ந்தவர்தான் போனை எடுக்கிறாரோ என்னவோ! இதைச் சோதிக்க, 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் சிலருக்கு 102 டாலர் தந்து, நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் செய்தனர். தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மன நலம் கூடியது, ஆனால் சிறிதளவே. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது.

என் மதிப்பெண் 13. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "குறைக்க முயன்று தோற்றதுண்டா என்பதற்கு ஏன் 1 போட்டே?" என்றார். முயன்றதே இல்லையே, எப்படித் தோற்பேன்? அன்றிரவே டாஷ்போர்ட் பிரிவில், நான் அதிகம் பார்க்கும் அப்ளிகேஷனுக்கு 45 நிமிட டைமர் அமைத்தேன். நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகிவிடும். முதல் இரண்டு நாள் விரல் தானாக அங்கேயே போனது. மூன்றாம் நாள் இரவு, டைமரை நானே நீக்கினேன்.

மறுபடி கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். நான்காவது கேள்விக்கு 1 இருந்த இடத்தில் 4, ஐந்தாவதில் 1 இருந்த இடத்தில் 3. மொத்தம் 18. டைமரை மீண்டும் வைத்திருக்கிறேன். இம்முறை கணக்கு அம்மாவிடம்.