கீழூரில் கேட்ட கேள்வி

ஆண்டவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினால் கடமை தீர்ந்துவிடுமா? புதுவையில் பிரெஞ்சுக்காரர்களால் அப்படிப் போக முடியவில்லை. மக்களின் சம்மதமின்றி எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவர்களுடைய 1946-ம் ஆண்டு அரசியல் சட்டமே கூறியது. சந்திரநாகூரில் 1949-ல் ஊராரே ஓட்டுப் போட்டனர்.

புதுவை, காரைக்காலுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் எதிர்த்தனர். சாமானியனுக்கு ஓட்டில்லை. அவனைக் கேட்டிருந்தாலும் விடை மாறியிராது என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் கேட்பது ஒரு மரியாதை அல்லவா?

நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. இறையாண்மை மாறவில்லை! 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சுப் பார்லிமெண்டின் அங்கீகாரம், அல்ஜீரியப் போர் ஓய்ந்தபின் 1962-ல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ல் அது அமலுக்கு வந்தது. நடத்தியது இந்திய அரசு, சட்டப்படி உடைமை பிரான்சுக்கு. எட்டு வருஷம் இப்படி.

அதன்பின் ஆறு மாதத் தவணை. பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்பிய புதுவைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் இந்தியப் பிரஜை. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆன குடும்பங்கள் உண்டு. இந்தக் கேள்வியாவது ஆளாளுக்குக் கேட்கப்பட்டது.