சான்பிரான்சிஸ்கோ (வழி: வட துருவம்)

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் உள்ளே நுழைகிற காட்சியை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பஸ் இன்னும் நின்றிருக்காது. அதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, குடை, டிபன் கேரியர் எல்லாம் உள்ளே பறக்கும். போட்டவருக்கு அந்த சீட் சொந்தம். ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

காரணம் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் முனகிக்கொண்டே கல்வராயன் மலை ஏற ஆரம்பித்ததும், கரும்பும் மரவள்ளியும் ஏரியுமாகக் கீழே ஒரு உலகம் விரியும். அது ஜன்னல் சீட்காரருக்கு மட்டும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது நிற்கிற ஆசாமியின் இடுப்பு.

இப்படி ஜன்னலுக்காகச் சட்டை கிழியச் சண்டை போடுகிற நம் ஜனங்கள், பூமியின் உச்சந்தலை மேல் ஓடுகிற வண்டியில் ஏறினால் என்ன செய்கிறார்கள் தெரியுமோ? ஷட்டரை இழுத்து மூடிவிட்டுத் தூங்குகிறார்கள்!

நான் சொல்வது துருவ வழி விமானங்களை. துபாயில் ஏறி சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிற விமானம் அதில் ஒன்று. பள்ளிக்கூடத்து மேப்பை வைத்துப் பார்த்தால், மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக், நியூயார்க் என்று போக வேண்டும் போலத் தோன்றும். மேப்பைச் சுருட்டி வையுங்கள். ஒரு ரப்பர் பந்தும் நூலும் எடுங்கள். துபாய் கிழக்கே 55 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ மேற்கே 122. கூட்டினால் 177. அதாவது பந்தின் நேர் எதிர்ப் பக்கம். நூலை இறுக்கிப் பிடித்தால் அது நேரே மேலே போய், உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கும். சுமார் 13,000 கிலோமீட்டர். காற்று எப்படி அடிக்கிறது, எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பாதை கொஞ்சம் இப்படி அப்படி ஒதுங்கும். அவ்வளவுதான்.

நம்மூருக்கும் கணக்குப் போட்டேன். (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை?) கள்ளக்குறிச்சியிலிருந்து காம்பஸ் வைத்து நேர் வடக்கே கிளம்பினால் நாக்பூரை உரசிக்கொண்டு, சுமார் 8,700 கிலோமீட்டரில் வட துருவம். அங்கே போய் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான். கிழக்கு, மேற்கு எல்லாம் ஸ்டாக் தீர்ந்துவிடும்.

இந்த வழியில் முதலில் ஜன்னல் சீட் பிடித்தவர்களில் முக்கியமானவர் நார்வேக்காரர் அமுண்ட்சன். 1926 மே 12-ஆம் தேதி 'நோர்கே' என்ற ஆகாயக் கப்பலில் பதினாறு பேர் துருவத்தின் மேலே மிதந்தார்கள். நார்வே, அமெரிக்கா, இத்தாலி மூன்று நாட்டுக் கொடிகளையும் கீழே போட்டார்கள். அதில் இத்தாலிக்காரர் நோபிலே கொண்டுவந்த கொடி மற்றதைவிடப் பெரிசாக இருந்ததில் அமுண்ட்சனுக்கு மகா எரிச்சல். உலகத்தின் உச்சியில் போனாலும் நம்ம கட்சிக் கொடிக் கம்பத் தகராறு விட்டபாடில்லை!

டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்கள் துருவப் பாதையில் போக ஆரம்பித்தது 1954 நவம்பரில். ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். கம்பெனி கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு விட்ட சர்வீஸ் அது. ரஷ்ய வானத்தை ஒட்டிய துருவப் பாதைகள் 2001-ல் முறைப்படி திறந்தன. நம் ஏர் இந்தியா 2019 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் துருவத்தின் மேலாகப் பறந்தது. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்களாகவே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். பேஷ்! ஆனால் ஜனவரியில் துருவத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ராத்திரி. ஜன்னல் சீட்காரர்களுக்குக் கன்னங்கரேல்தான் கிடைத்திருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு ஜூன் மாதம்தான். நான் போனதும் ஜூனில். சான் ஹோசேயில் இருக்கிற அக்காவைப் பார்க்க. ஜன்னல் சீட்டுக்குத் தனிக்காசு கேட்டார்கள். பதினாறு மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு ஒரு மசால் தோசை, ஒரு காபி. கொடுத்துவிட்டேன். இறக்கை மறைக்காத சீட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குவது முக்கியம். இல்லாவிட்டால் பதினாறு மணி நேரமும் அலுமினியத் தகடு தரிசனம்.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வேட்டியில்லை, புத்தம்புது பேண்ட்; அதில் விலைச் சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. 'தமிழா?' என்றார். கள்ளக்குறிச்சி என்றேன். 'அட, நான் சின்னசேலம் தம்பி!' என்று கையைப் பிடித்துக்கொண்டார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களில் பல வருஷம் இருந்தவர். பஸ்ஸை விட்டால் மலையேறி நடைதானாம்.

'கிளாஸ்ல மேப்பைத் தொங்கவிட்டு, இதான் வட துருவம்னு குச்சியால தொட்டுக் காட்டுவேன். ஆணி அடிச்ச இடத்துக்குக் கொஞ்சம் கீழ. இப்ப அந்த ஆணிகிட்டயே போறோங்கறீங்க!'

ஈரான் மலைகள், காஸ்பியன் கடல், அப்புறம் ரஷ்யா. ரஷ்யா என்றால் முடிகிற சமாச்சாரமா? காடு, ஆறு, மறுபடி காடு. பிறகு மரங்கள் காணாமல் போய், குட்டையும் குளமுமாகப் பாழ்நிலம். பத்து கிலோமீட்டருக்கு மேலே பறக்கையில் தொடுவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கள்ளக்குறிச்சிக்கு மேலே அந்த உயரத்தில் நின்றால், வானம் சுத்தமாக இருந்தால், ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூர், இன்னொரு பக்கம் ராமேஸ்வரம். அவ்வளவு பரப்பில் ஒரு விளக்கோ ஒரு ரோடோ இல்லை என்றால் எப்படி இருக்கும்? 'கீழ யாருமே இல்லியா?' என்று ஹெட்மாஸ்டர் மூன்று தடவை கேட்டார்.

சாப்பாடு முடிந்தது. ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இந்தப் பயணத்தில் ஜூனில் பொழுதே சாயாது. காலையில் ஏறுகிறோம், பதினாறு மணி நேரம் கழித்து இறங்கும்போது அதே தேதியில் பிற்பகல். வெளிச்சத்தில் எப்படித் தூங்குவது? பின் சீட்டு இளைஞர் ஒருவர், 'சார், ப்ளீஸ், கண்ணைக் கூசுது' என்றார்.

ஹெட்மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். 'தப்பா நினைக்காதீங்க தம்பி. இந்தக் கண்ணுக்கு லென்ஸ் வெச்சு மூணு மாசம்தான் ஆவுது. பேரனைப் பார்க்கணும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வழியில இருக்கறதையும் பார்த்துட்டுப் போயிடறேனே?'

பஞ்சாயத்து ஆயிற்று. நாலு விரற்கடை திறந்திருக்கலாம் என்று தீர்ப்பு.

நாலு விரற்கடையில் என்ன தெரிந்தது? மேகம். ஒன்றரை மணி நேரம் வெறும் மேகம். கோடையில் வடதுருவக் கடல் பெரும்பாலும் மேகத்துக்கு அடியில்தான் கிடக்கும். இதை எந்த டிராவல் ஏஜெண்டும் சொல்ல மாட்டார். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிற செயற்கைக்கோள்களை நம்பிய வைஃபையும் அந்த உச்சியில் செத்துவிடும், ஏனென்றால் துருவத்திலிருந்து பார்த்தால் அவை அடிவானத்துக்குக் கீழே. வாட்ஸ்அப் இல்லை. தூங்காதவனுக்கு ஜன்னலை விட்டால் கதி இல்லை.

சட்டென்று மேகம் விலகியது. பத்து நிமிஷம் இருக்கும். கீழே பனி. வழவழவென்று வெள்ளைப் பேப்பர் மாதிரி இருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கருநீலமாகக் கடல். 'சித்திரை மாசத்து ஏரி தம்பி!' என்றார் ஹெட்மாஸ்டர். அதேதான். தண்ணீர் வற்றி வெடித்த ஏரிக்கும், தண்ணீர் மேலேயே மிதக்கிற பனிக்கும் ஒரே முகம். அந்தப் பனி இரண்டு மூன்று மீட்டர் கனம்தான். துருவத்தில் அதன் கீழே நாலு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் கடல். போர்டு, கம்பம், 'வட துருவம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' வளைவு எதுவும் கிடையாது. நட்டாலும் நிற்காது. பனி நகர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த வெடிப்புகள் எப்போதும் உண்டு. ஆனால் பனியின் மொத்தப் பரப்பு சுருங்குகிறது. 1980-களில் செப்டம்பர் மாதம், அதாவது கோடை முடிவில், மிஞ்சுகிற பனி 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாக விழுந்தது. ஏறக்குறைய பாதி! அதற்குப் பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஷட்டரை மூடினவர்கள், 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று தூங்குகிறார்கள். வெள்ளிமலை நாளைக்கும் அங்கேதான் இருக்கும். இது இருக்குமா?

இவ்வளவு அழகுக்குக் கீழே பயமும் இருக்கிறது. வெளியே மைனஸ் 50 டிகிரியை ஒட்டிக் குளிர், மாரிக்காலத்தில் இன்னும் மோசம். விமான எரிபொருளில் ஒரு வகை மைனஸ் 40-ல் உறைய ஆரம்பிக்கும், இன்னொன்று மைனஸ் 47-ல். டாங்க் ரொம்பக் குளிர்ந்தால் விமானி கீழே இறங்கியோ வேகம் கூட்டியோ சூடேற்ற வேண்டும். அமெரிக்க விதிப்படி அந்த நாட்டு விமானங்கள் துருவத்தின் மேல் போனால் கடுங்குளிர் உடை குறைந்தது இரண்டு வைத்திருக்க வேண்டும். முந்நூறு பேருக்கு இரண்டு! வெளியே இறங்கி வேலை பார்க்கிற ஊழியர்களுக்காம். இறங்க நேர்ந்தால் இடமும் வேண்டுமே. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் ஓட்டல் இல்லாமல் பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் படுத்தார்கள். மாற்று விமானம் வந்து கூட்டிப் போயிற்று.

தென் துருவப் பக்கம் இதைவிடச் சோகம் நடந்திருக்கிறது. 1979 நவம்பர் 28-ல் அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டப் போன ஏர் நியூஸிலாந்து விமானம் எரிபஸ் மலையில் மோதி 257 பேரும் இறந்தார்கள். விமானிகளுக்குச் சொல்லாமலே பாதைக் கணக்கு மாற்றப்பட்டிருந்தது. வெள்ளை மேகமும் வெள்ளை மலையும் ஒன்றாகத் தெரிந்தன. அதனால் அந்தச் சுற்றுலாவே ஒழிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து அப்படிப் போகிற விமானங்களில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பாதி வழியில் பயணிகள் சீட் மாறிக்கொள்ள வேண்டும். ஜன்னல் எல்லாருக்கும் பங்கு. கள்ளக்குறிச்சி டெப்போ இதைக் கவனிக்கலாம்.

நாங்களும் மாறிக்கொண்டோம். பாதிக்கு மேல் ஹெட்மாஸ்டர் ஜன்னலில், நான் நடுவில். கிளம்பும்போது வலது பக்கம் இருந்த சூரியன் இப்போது இடது பக்கம். கனடாவில் மறுபடி காலை! ஒரே தேதியில் இரண்டு காலை பார்த்தவர்கள் சின்னசேலத்தில் எத்தனை பேர்? கிரேட் பேர் ஏரி தெரிந்தது; தமிழ்நாட்டில் கால்வாசிப் பரப்பு, ஜூனிலும் பனி மூடி. அப்புறம் மலைகள். எனக்கு அவர் தோள் மேலாக எட்டிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடா. ஓரமாகச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர். 'மரக்காணம் மாதிரி இருக்கே!' என்றார். உப்பளங்கள்தான் சார் என்றேன். உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் தருகிற நிறம் அது. பின் சீட்டு இளைஞர் இப்போது எங்கள் தலைகளுக்கு நடுவே போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டதும் ஹெட்மாஸ்டர் கேட்டார்: 'நவம்பர்ல திரும்பறேன். அப்ப எந்தப் பக்கம் உட்காரணும்?'

நவம்பரில் அங்கே இருட்டு சார், பனி தெரியாது என்றேன். ஆனால் வட கனடா மேலே போகும்போது துருவ ஒளி தெரியலாம், பச்சைத் திரை அசைகிற மாதிரி. துருவத்தின் நேர் உச்சியைவிட அதற்கு முன்னால்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். விளக்கு வெளிச்சம் படாமல் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூக்கை ஜன்னலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

'பக்கத்துல இருக்கறவன் நான் அழறேன்னு நினைப்பானே?'

'நினைக்கட்டும் சார்.'